சிபாப் கருவிக்கு வீட்டிலேயே வெப்ப ஈரப்பதமூட்டி: எதுவரை நாமே செய்யலாம்?

நடுநிசி

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய வகை சிபாப் கருவி; உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடாமலிருக்க, மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை ஊதிக்கொண்டே இருப்பது. ஈரப்பதமூட்டி பொருத்தும் இடமே அதில் கிடையாது. மருத்துவர் 10 செ.மீ. நீர் அழுத்தத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார். குறட்டையும் பகல் தூக்கமும் போய்விட்டன. அந்த வகையில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் காலையில் எழும்போது மூக்கின் உட்புறம் பொருக்குத் தட்டிப் போயிருக்கிறது. சில நாட்களில் சளியில் இரத்தக் கோடு தெரிகிறது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பாதி இரவில் என்னையறியாமலே மூக்கு மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடுகிறேன்.

கைவேலை எனக்குப் பழக்கம். அகன்ற வாய் உள்ள கண்ணாடி ஜாடியில் பாதியளவு நீர், மூடியில் இரண்டு துளைகள், ஒன்றில் கருவியிலிருந்து வரும் குழாய், மற்றொன்றில் மாஸ்க்குக்குப் போகும் குழாய், ஜாடிக்குக் கீழே கோப்பையைச் சூடாக வைத்திருக்கும் சிறு மின்தட்டு. இதுதான் திட்டம். எத்தனை வாட் வேண்டும்? நீரை எந்த அளவு சூடாக்க வேண்டும்? உள்ளே வரும் குழாயின் முனை நீருக்குள் மூழ்கியிருந்தால் ஈரம் கூடுதலாகக் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீராவி

கணக்கிலிருந்து தொடங்குவோம், அது தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை வந்துவிடும்.

மாஸ்க்கில் மூச்சை வெளியேற்றுவதற்கென்றே துளைகள் இருக்கின்றன. 10 செ.மீ. அழுத்தத்தில் அவற்றின் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லிட்டர் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். மாஸ்க்கைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஆக, நீங்கள் சுவாசிக்கும் காற்றுக்கு மட்டும் ஈரமூட்டினால் போதாது. வீணாகப் போகும் இந்தக் காற்று முழுவதற்கும் ஈரமூட்ட வேண்டும்.

22 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் நீராவி இருக்கும். நுரையீரலுக்குப் போய்ச் சேரும்போது அது 37 டிகிரியில் 44 மில்லிகிராம் ஆகியிருக்க வேண்டும். இடைவெளியை நிரப்புவது மூக்கின் வேலை. கருவி ஓயாமல் ஊதும்போது அந்த வேலை சிரமமாகிவிடுகிறது.

லிட்டருக்கு இன்னொரு 10 மில்லிகிராம் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 300 மில்லிகிராம், மணிக்கு 18 கிராம், எட்டு மணி நேரத்துக்கு 144 கிராம் நீர். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,450 ஜூல் வேண்டும். அதற்கு 12 வாட் ஆகும். காற்றைச் சில டிகிரி சூடாக்க ஐந்தாறு வாட். ஜாடியின் சுவர் வழியாக வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் 30 முதல் 40 வாட் தட்டு தாராளம்.

கொதிக்க வைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். இளஞ்சூடான நீரின் அகன்ற பரப்பின்மேல் காற்று தவழ்ந்து போனாலே போதும். அதனால் குழாயின் முனையை நீரில் மூழ்கடிக்கவே கூடாது. முனை 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், அந்த 5 செ.மீ. நீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியே வர முடியும். 10 செ.மீ. அழுத்தம் வேண்டிய உங்கள் தொண்டைக்கு மிஞ்சுவது 5. கருவியின் திரையிலோ 10 என்றே காட்டும்.

திருகாணி

மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். நீராவி ஐயாவின் கணக்கு சரி. எனக்கு உறுத்துவது ஜாடி.

என் மேசைக்கு வரும் சிபாப் கருவிகளில் மோட்டார் கெட்டுப்போனவற்றைத் திறந்தால், பல நேரங்களில் உள்ளே நீர் காய்ந்த தடம் இருக்கும். ஜாடியில் பாதி நீர், அதை ஒட்டி ஒரு குழாய், அதன் மறுமுனையில் மின்சாரத்தில் சுழலும் விசிறி. படுக்கையில் புரண்டு கையால் இழுத்துவிட்டால் நீர் இரண்டு பக்கமும் போகும்: ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் உங்கள் மூக்கு. தொழிற்சாலையில் செய்யும் நீர்த்தொட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். காற்று நுழையும் வழி மேலே உயர்ந்து வளைந்திருக்கும். தொட்டியைச் சாய்த்தாலும் நீர் எளிதில் திரும்பி ஏறாதபடி தடுப்புகள் இருக்கும். ஜாடி மூடியில் போட்ட துளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10 செ.மீ. நீர் அழுத்தம் சிறிதாகத்தான் தோன்றும். 10 செ.மீ. விட்டமுள்ள மூடியை அது உள்ளிருந்து முக்கால் கிலோ எடைக்கு மேலான விசையோடு இரவு முழுவதும் தள்ளிக்கொண்டிருக்கும். 20 செ.மீ. அழுத்தத்தில் இயங்கும் கருவிக்கு அது இரட்டிப்பு. சூட்டில் இளகிய பசை விட்டுக்கொடுத்தால் மாஸ்க்கில் அழுத்தம் குறையும். நீங்கள் உறங்கிக்கொண்டிருப்பீர்கள். மூச்சுத்தடை திரும்பி வந்திருப்பது காலையில் தலைவலியாகத்தான் தெரியும்.

குழாய் அளவு கேட்பவர்களுக்கு: சிபாப் இணைப்புகள் உலகெங்கும் பெரும்பாலும் 22 மி.மீ. கூம்பு இணைப்புகள்தாம். தண்ணீர்க் குழாய்க் கடையில் அதற்கு நெருக்கமான அளவு கிடைக்கும். நெருக்கமாக இருந்தால் போதாது.

நடுநிசி

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் விற்பனைக்கு வரும் ஈரப்பதமூட்டியும் அடியில் உலோகத் தகடு வைத்த ஒரு பெட்டியும் சூட்டுத்தட்டும்தானே? சிபாப் கருவியே கைவேலையில் பிறந்ததுதான். 1981 இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கோலின் சல்லிவன் குழுவினர் அதைப் பற்றி எழுதியபோது, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் போட்டு ஊத வைத்ததாகத்தான் படித்தேன். அவர்கள் செய்தது சரியென்றால் நான் செய்வது ஏன் தவறாகும்?

மென்மூச்சு

தம்பி, நீங்கள் படித்தது உண்மை. அந்தக் கட்டுரையில் இருந்தவர்கள் ஐந்து நோயாளிகள். அவர்கள் உறங்கியது ஆய்வுக்கூடத்தில். மூச்சு, உறக்கம், ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் அளந்துகொண்டு பக்கத்தில் மருத்துவர்கள் விழித்திருந்தார்கள். உங்கள் ஜாடியை இரவில் யார் பார்த்துக்கொண்டிருப்பார்? இந்தப் பேச்சில் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி அதுதான். கருவியைச் செய்தவரும் அதில் மாட்டிக்கொண்டு உறங்குபவரும் ஒரே ஆள். கோளாறு நேரும் நொடியில் அதைச் செய்தவர் அங்கே இல்லை.

நான் சுவாச சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் முதல் பதிவில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: நாக்கு. மூக்கு மாஸ்க் போட்டிருப்பவருக்கு மூக்கு வறள்வது புரிகிறது. நாக்கு எப்படி அண்ணத்தோடு ஒட்டும்? உறக்கத்தில் வாய் திறந்து, மூக்கு வழியாகப் போகும் காற்று வாய் வழியாக வெளியே ஓடுகிறது என்றுதான் நான் முதலில் ஐயப்படுவேன்.

இது சாதாரணக் கசிவு அன்று. மூச்சை வெளியே விடும்போது, கொடுத்த ஈரத்தில் ஒரு பங்கை மூக்கு திரும்ப வாங்கிக்கொள்ளும். காற்று வாய் வழியாக வெளியேறினால் அந்த வரவு நின்றுவிடுகிறது. மூக்கு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதன் உட்சவ்வு வறண்டு, வீங்கி, அடைத்துக்கொள்கிறது. மூக்கு அடைத்தால் வாய் இன்னும் அகலத் திறக்கும். 1996 இல் சல்லிவன் குழுவே இதை ஆராய்ந்து எழுதியது: வாய்க்கசிவு மூக்கின் காற்றுத்தடையைக் கூட்டுகிறது, காற்றைச் சூடாக்கி ஈரமூட்டினால் அது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது, சூடில்லாத ஈரமூட்டலில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

எனவே வெப்ப ஈரப்பதம் உங்களுக்கு உதவக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. கசிவை விட்டுவிட்டு ஈரத்தை மட்டும் கூட்டினால் இரவு முழுவதும் கசிவுக்குத்தான் நீர் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். மாஸ்க் வகையை மாற்ற வேண்டுமா, மூக்கில் அடைப்பு இருக்கிறதா என்பதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் தெரிவதையும் கட்டாயம் சொல்லுங்கள். வாயை நீங்களாகவே டேப் போட்டு ஒட்டிவிட வேண்டாம். மின்சாரம் நின்றாலோ வாந்தி வந்தாலோ அந்த வாய் திறந்தாக வேண்டும்.

காலைப்பனி

இவ்வளவு சிரமம் எதற்கு? அல்ட்ராசோனிக் தட்டு சிறியதாகக் கிடைக்கிறது. குழாயின் வழியில் பொருத்தினால் குளிர்ந்த பனிப்புகை போல நீர் வரும், சூடே வேண்டாம். நீரில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் எண்ணெய் விட்டால் மூக்கடைப்பும் போகும். செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மென்மூச்சு

தயவுசெய்து செய்யாதீர்கள். இன்னும் செய்யவில்லை என்று எழுதியிருப்பதே எனக்கு நிம்மதி.

ஆவி வேறு, நீர்த்துளி வேறு. நீர் ஆவியாகும்போது உப்பையும் கிருமியையும் தொட்டியிலேயே விட்டுவிட்டு மேலே போகும். அல்ட்ராசோனிக் தட்டு நீரைச் சிதறடித்து நுண்துளிகளாக்குகிறது. நீரில் என்ன இருக்கிறதோ அது அத்தனையும் துளிகளோடு நுரையீரல் வரை போகும். லெஜியோனெல்லா என்னும் நிமோனியாக் கிருமி பெருகுவது 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில். அது தொற்றும் வழியே இப்படிப்பட்ட துளிகள்தாம். அழுத்தத்தோடு, எட்டு மணி நேரம், நேரே மூக்குக்குள் அதைச் செலுத்துவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

எண்ணெய் அதைவிட மோசம். நுரையீரலுக்குள் போன எண்ணெயை உடலால் எளிதில் அகற்ற முடியாது. அதனால் வரும் அழற்சிக்கு லிப்பாய்டு நிமோனியா என்றே தனிப்பெயர் இருக்கிறது. மணப்பொருள், தைலம், வினிகர் எதையும் உறங்கும்போது தொட்டியில் ஊற்றக்கூடாது. காய்ச்சி வடித்த நீர் மட்டும். அதுவும் கிருமி நீக்கிய நீர் என்று பொருளில்லை. காலையில் மீதியைக் கொட்டி, மென்மையான சோப்பு நீரில் கழுவி, உலர விட வேண்டும். நேற்றைய நீரின்மேல் இன்றைய நீரை ஊற்றும் பழக்கம் எங்கும் இருக்கிறது, தொழிற்சாலைத் தொட்டி வைத்திருப்பவர்களிடமும்.

சூட்டுத்தட்டு

நான் செய்து பயன்படுத்துகிறேன், அதனால் எழுதுகிறேன். ஆனால் காற்று போகும் வழியில் என் கை படவில்லை.

நீர்த்தொட்டி, தொழிற்சாலையில் சிபாப்புக்கென்றே செய்த தனித்தொட்டி. அடியில் உலோகத் தகடு, இரண்டு பக்கமும் 22 மி.மீ. இணைப்பு. அதை உட்கார வைக்கும் சூட்டுப் பீடம் மட்டும் நான் செய்தது. 12 வோல்ட் வெப்பப்பட்டை, அதன்மேல் அலுமினியத் தகடு, தகட்டில் வெப்பநிலை உணரி. மின்னோட்டம் தரும் அடாப்டர் மருத்துவக் கருவிகளுக்கான காப்புத் தரம் கொண்டது. வீட்டு மின்சாரம் நேரடியாகப் பீடத்துக்குள் வருவதே இல்லை. நீருக்குள் எந்தக் கம்பியும் இல்லை.

வெப்பக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பக்கூடாது. அதன் ரிலே, அதாவது மின்னோட்டத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டால் தட்டு ஓயாமல் சூடேறும். அதனால் தகட்டை ஒட்டித் தொடர்வரிசையில் தெர்மல் ஃபியூஸ் இருக்கிறது. ஒருமுறை உருகினால் அவ்வளவுதான், தானாகத் திரும்ப இயங்காது. நீர் வற்றினாலும் சூடு எல்லை மீறக்கூடாது என்பதைப் பகலில், மாஸ்க் மாட்டாமல், வெறும் தொட்டியை வைத்துச் சோதித்த பிறகே படுக்கையறைக்குக் கொண்டுவந்தேன்.

இன்னொரு தொல்லை, கருவி நின்றுபோய்த் தட்டு மட்டும் இயங்குவது. காற்றோட்டம் இல்லாமல் நீர் சூடேறிக்கொண்டே போகும். மறுபடி கருவியை இயக்கியவுடன் முதல் மூச்சில் வெந்த காற்று வரும். காற்றோட்டத்தை உணர்ந்து அது நின்றவுடன் தட்டை அணைக்கும் சுவிட்ச் ஒன்றை வைத்த பின்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

திருகாணி

நீங்கள் எழுதியதில் அக்கறை தெரிகிறது. ஆனாலும் உடன்பட முடியவில்லை. நீங்கள் சோதித்தது உங்களுக்குத் தோன்றிய கோளாறுகளை. உணரி தகட்டிலிருந்து கழன்று விழுந்தால்? கழன்ற உணரி அறை வெப்பத்தைத்தான் காட்டும், கட்டுப்பாடு தட்டை முழுவேகத்தில் சூடாக்கும், ஃபியூஸ் ஒன்றுதான் மிச்சம். அந்த ஃபியூஸை எத்தனை டிகிரிக்குத் தேர்ந்தெடுத்தீர்கள், அது தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, காற்றில் தொங்குகிறதா? மூச்சுக் கருவிகளில் ஒரு பாகம் கெட்டாலும் நோயாளிக்கு ஆபத்து வரக்கூடாது என்பது அடிப்படை விதி. அதை நிரூபிக்கத்தான் தயாரிப்பாளர்கள் காலத்தைச் செலவிடுகிறார்கள்.

கருவியோடு ஆக்சிஜன் குழாயும் சேர்த்திருப்பவர்கள் இந்தப் பேச்சிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். அங்கே வீட்டில் செய்த சூட்டுத்தட்டுக்கு இடமே கிடையாது, தீப்பிடிக்கும்.

சூட்டுத்தட்டு

ஃபியூஸ் தகட்டோடு இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. உணரி கழன்றால் என்ற கேள்வி நியாயமானது. இரண்டாவது உணரி ஒன்று சேர்த்து, இரண்டும் முரண்பட்டால் அணைந்துவிடும்படி செய்கிறேன். ஆனால் எல்லோருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மின்னணுவியல் என் தொழில். அப்படி இல்லாதவர்கள் இதைப் பார்த்துச் செய்யக்கூடாது.

நீராவி

ஜாடி, பசை, பிளாஸ்டிக் பற்றி நானும் சொல்ல வேண்டும். உணவுக்கு ஏற்றது என்று முத்திரை இருந்தால் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். உணவு அதில் கொஞ்ச நேரம் இருக்கிறது. இங்கே சூடான ஈரக்காற்று ஆண்டுக்கணக்கில் அதன் வழியாகப் போய் நுரையீரலில் சேர்கிறது. சுவாசக் காற்று போகும் பாதையின் பொருட்களைச் சோதிக்கவே ஐஎஸ்ஓ 18562 என்ற தனித் தரநிர்ணயம் இருக்கிறது. பொருட்களிலிருந்து வெளிவரும் ஆவிகளையும் துகள்களையும் அது அளக்கச் சொல்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் என்று தோன்றினால் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப் கருவிகளைப் பெருமளவில் திரும்பப் பெற்றதை நினைத்துப் பாருங்கள். இரைச்சலைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து, துகள்களும் வேதிப்பொருட்களும் காற்றுப்பாதையில் கலக்கக்கூடும் என்பதுதான் காரணம். சோதனைக்கூடமும் பொறியாளர்களும் இருந்த இடத்திலேயே அப்படி நேர்ந்தது. சிலிகோன் பசைக் குழாயின் மேலட்டையை மட்டும் படித்துவிட்டு நாம் எப்படி உறுதி சொல்ல முடியும்?

நடுநிசி

எல்லாவற்றையும் படித்தேன். ஜாடித் திட்டத்தைக் கைவிடுகிறேன். மின்னணுவியல் என் துறை அன்று; எனவே சூட்டுப் பீடமும் வேண்டாம். மருத்துவரிடம் நாக்கு வறள்வதையும் இரத்தத்தையும் சொன்னேன். மூக்கின் ஒரு பக்கம் அடைத்திருக்கிறது என்று மருந்து கொடுத்திருக்கிறார். வாய்க்கசிவுக்கு வேறு மாஸ்க்கும் முயன்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். என் கருவியோடு சேரக்கூடிய தனி வெப்ப ஈரப்பதமூட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வரும்வரை கைவேலையாக என்னால் செய்ய முடிந்தது ஏதாவது இருக்கிறதா? சும்மா இருக்க மனம் வரவில்லை.

நீராவி

நிறைய இருக்கிறது. எல்லாம் குழாய்க்கு வெளியே.

அறையின் ஈரப்பதத்தை அளந்து பாருங்கள். ஹீட்டர் ஓடும் அறையில் அது 30 சதவீதத்துக்கு இறங்கியிருக்கலாம். 22 டிகிரியில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம்தான். அறைக்கான சாதாரண ஈரப்பதமூட்டியால் அதை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், கருவி உறிஞ்சும் காற்றிலேயே 4 மில்லிகிராம் கூடிவிடும். எந்தக் குழாயையும் வெட்ட வேண்டியதில்லை. 60 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். சுவரில் பூஞ்சை பிடிக்கும். நீரை ஆவியாக்கும் வகையாக இருக்கட்டும். அது கருவியின் காற்றுத் துவாரத்தை நோக்கி ஊதக்கூடாது.

அடுத்தது குழாய்க்கு உறை. தையல் தெரிந்தால் கம்பளித் துணியில் நீங்களே தைக்கலாம். ஈரப்பதமூட்டி வந்த பிறகு இதன் அருமை தெரியும். காற்றில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் ஈரம் இருந்து, விடியற்காலையில் அறை 18 டிகிரிக்குக் குளிர்ந்தால், அந்தச் சூட்டில் காற்றால் 15 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் தாங்க முடியும். மிச்சம் குழாயின் சுவரில் நீராகக் கோத்துக்கொள்ளும். மணிக்கு ஏறத்தாழ 8 கிராம். கொஞ்ச நேரத்தில் குழாய் களகளவென்று ஒலிக்கும், மாஸ்க்குக்குள் நீர் தெறிக்கும். பலர் அந்த எரிச்சலில் ஈரப்பதமூட்டியையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். உறை போட்டால் அல்லது குழாயைப் போர்வைக்குள் கொண்டுபோனால் பெரும்பாலும் நிற்கும். அப்போதும் நிற்காவிட்டால் சூட்டை ஒரு படி குறையுங்கள். மாஸ்க்கின் துளைகள் மட்டும் போர்வைக்குள் போகக்கூடாது. வெளிமூச்சு தடையில்லாமல் வெளியேற வேண்டும்.

சூட்டுத்தட்டு

கைகள் சும்மா இருக்க வேண்டாம் என்றால் ஒரு அலமாரித் தட்டு செய்யுங்கள். இரண்டு படிகள் வேண்டும். ஈரப்பதமூட்டி கட்டிலைவிடத் தாழ்ந்த படியில். அப்போது குழாயில் கோக்கும் நீர் மூக்கை நோக்கி வராமல் தொட்டிக்கே வடிந்து திரும்பும். கருவி அதைவிடச் சற்று உயர்ந்த படியில். அப்போது தொட்டி நீர் மோட்டாருக்குள் போக வழியில்லை. விளிம்பில் சிறு தடுப்புக் கட்டை வையுங்கள். புரளும்போது குழாய் இழுத்தாலும் தொட்டி கீழே விழாது.

நடுநிசி

இது என்னால் முடியும். மரம் கையில் இருக்கிறது. கருவியின் அடியில் துணி விரிக்கலாமா, ஓசை குறையுமா?

திருகாணி

துணி வேண்டாம். சில கருவிகளில் காற்று உறிஞ்சும் துவாரம் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ கீழ்ப்பகுதியில் இருக்கும்; துணி அதை மூடிவிடும். நாலு மூலையிலும் ரப்பர் கால்கள் ஒட்டுங்கள், அதிர்வு அடங்கும். பின்புறம் ஒரு சாண் இடம் விடுங்கள். பெட்டி போல மூடிக் கட்ட வேண்டாம்.

புதிய ஈரப்பதமூட்டி வந்தவுடன் அதை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, அதைச் சேர்த்த நிலையில் மாஸ்க் முனையில் அழுத்தம் எவ்வளவு வருகிறது என்று அளந்து தரச் சொல்லுங்கள். வழியில் ஒரு தொட்டி கூடினால் அழுத்தம் சற்றுக் குறையலாம். அதற்கேற்ப அவர்கள் திருத்தித் தருவார்கள். அழுத்தத்தைத் தானாக மாற்றும் கருவி வைத்திருக்கும் மற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கருவிகளில் சில, மூச்சு நின்றவுடன் சிறு அழுத்த அலைகளை அனுப்பித் தொண்டை திறந்திருக்கிறதா என்று பார்க்கின்றன. தயாரிப்பாளர் அறியாத பெரிய தொட்டி இடையில் இருந்தால் அந்த அலை மழுங்கிப் போகலாம். எனவே, எது சேரும் என்று கருவியின் கையேட்டில் போட்டிருக்கிறதோ அதை மட்டும் சேருங்கள்.

ஊருக்கு எடுத்துச் செல்லும்போதும் சரி, மேசையைத் துடைக்க ஒரு அடி நகர்த்தும்போதும் சரி, முதலில் தொட்டியைக் கழற்றி நீரைக் கொட்டிவிடுங்கள். என்னிடம் வரும் நனைந்த மோட்டார்களில் பல, இரவில் நனைந்தவை அல்ல. பகலில் யாரோ தூக்கி வைத்தபோது நனைந்தவை.